வெல்வெட் உறையில் ஈரம்

'கீய்ங்... கீய்ங்... கீய்ங்...'

மாடிப்படியில் பாதி ஏறியிருந்த துப்பறியும் பாய்லரும் அவள் அசிஸ்டெண்ட் ஒட்டடையும் அப்படியே நின்றார்கள். மேலே ஏதோ ஒரு மெஷின் கழுத்தைப் பிடித்து நெரித்த மாதிரி அலறியது. அடுத்த நொடி ஓர் அறைக் கதவு திறந்தது. வெளிர் நீலச் சட்டை, இரண்டு கையிலும் ரப்பர் உறை, முகத்தில் பாதியை விழுங்கிய முகமூடி. அந்த மனிதர் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

"யாராவது வாங்க! மாமாவுக்கு மூச்சு நிக்குது!"

"மாமா உள்ளே இருக்கார். நீங்க ஏன் சார் வெளியே ஓடி வர்றீங்க?" என்றான் ஒட்டடை.

பாய்லர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி உள்ளே நுழைந்தாள்.

ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டது போல் குளிர். கட்டிலில் எழுபது வயதுப் பெரியவர். தொண்டைக் குழியில் துளையிட்டு ஒரு குழாய் பொருத்தியிருந்தார்கள். அதிலிருந்து கிளம்பிய நெளிநெளியான பிளாஸ்டிக் குழாய்கள் தலைமாட்டில் இருந்த வென்டிலேட்டருக்குப் போயின. அந்த வென்டிலேட்டருக்கு மெரூன் நிற வெல்வெட்டில் ஓர் உறை. ஓரமெல்லாம் ஜரிகை. திரை மட்டும் தெரிய ஒரு சதுர ஓட்டை. ஓட்டைக்குள் சிவப்பு விளக்கு துடித்தது. பெரியவரின் கண்கள் பிதுங்கியிருந்தன.

"மேடம், இது மெஷினா, மணப்பொண்ணா?" என்றான் ஒட்டடை.

பக்கத்து அறைக் கதவு தடதடவென்று அதிர்ந்தது. வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. உள்ளிருந்து ஒரு பெண் குரல் கத்தியது.

"குழாயைப் பாருங்க! தொங்குற இடத்துல தண்ணி நிக்கும்! கழுத்துப் பக்கம் சாய்ச்சுடாதீங்க! கீழே ஒரு குப்பி இருக்கும், அதுல வடிய விடுங்க!"

பாய்லர் குழாயைப் பிடித்தாள். தொய்ந்து தொங்கிய இடத்தில் தண்ணீர் தேங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் களக் களக்கென்று கொப்பளித்தது. கழுத்தை ஒட்டிய பகுதியை உயர்த்திப் பிடித்தாள். தண்ணீர் நழுவி ஓடிக் குப்பியில் விழுந்தது. அலறல் பட்டென்று நின்றது. பெரியவரின் மார்பு ஒரே சீராக ஏறி இறங்கத் தொடங்கியது.

"இவ்வளவுதானா?" என்று வாசலில் இருந்தே எட்டிப் பார்த்தார் ரப்பர் கை.

"இவ்வளவுதான். இந்த இவ்வளவு தெரிஞ்சவங்களைப் பூட்டி வெச்சுட்டு, ஒண்ணும் தெரியாத நீங்க காவல் இருக்கீங்க. சாவியைக் கொடுங்க" என்றாள் பாய்லர்.

"முடியாது. அவ கொலைகாரி. நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார், அதுவரைக்கும் அவ வெளியே வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஆமா, நீங்க யாரு?"

ஒட்டடை ஆறடி இரண்டங்குலம். தோளில் தொங்கும் சட்டைக்குள் உடம்பு இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்கவேண்டும். அவன் குனிந்து ரப்பர் கைகாரரின் முகமூடிக்கு நேராகத் தன் மூக்கைக் கொண்டுபோனான்.

"இவங்க இருபது வருஷம் ஃபேக்டரி ஃபேக்டரியா பாய்லர் பரிசோதனை பண்ணவங்க. அதான் பட்டப்பேரே பாய்லர். உங்க மாமாவோட மில்லு பாய்லருக்கே ஒரு தடவை சீல் வெச்சவங்க. இப்போ தனியா துப்பறியறாங்க. நான் இவங்க அசிஸ்டெண்ட். என்னை ஒட்டடைன்னு கூப்பிடுவாங்க, மரியாதையா கூப்பிடணும்னா திரு. ஒட்டடை."

"யார் உங்களைக் கூப்பிட்டது?"

கட்டிலில் 'டொக் டொக்' என்று சத்தம். பெரியவர் மடியில் இருந்த சிலேட்டைச் சாக்பீஸால் தட்டினார். குழாய் தொண்டையை அடைத்திருப்பதால் அவர் பேச்செல்லாம் சிலேட்டில்தான். எழுதியதைத் திருப்பிக் காட்டினார்.

'நான். ஆள் விட்டேன். மாப்ள, சாவி.'

மாப்பிள்ளை முகமூடிக்குள்ளேயே முணுமுணுத்தார். சாவியை எடுத்தார். அதன் மேல் கிருமிநாசினி தெளித்தார். துடைத்தார். பிறகுதான் நீட்டினார்.

*

பூட்டிய அறையிலிருந்து வெளியே வந்த சிஸ்டருக்கு முப்பது வயது இருக்கும். வீட்டிலேயே தங்கி இரண்டு மாதமாகப் பெரியவரைக் கவனிப்பவள். அழுத முகம்தான், ஆனால் வந்ததும் அவள் பார்த்தது தன்னைப் பூட்டியவரை அல்ல, மெஷினின் எண்களை. பெரியவரின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் அவள் மணிக்கட்டை விடவில்லை.

"சொல்லும்மா. சீக்கிரம். மணி மூணு" என்றாள் பாய்லர்.

"மதியம் பன்னெண்டு நாப்பதுக்கு அலாரம் அடிச்சுது மேடம். மெஷின் காத்தைத் தள்ளுது, அவருக்குப் போகலை. உடனே மெஷினைக் கழட்டிட்டு ஆம்பு பையை மாட்டி அமுக்கினேன்." சுவரில் தொங்கிய ரப்பர் பையைக் காட்டினாள். பந்து மாதிரி இருந்தது. கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கிற பை. "மதிய விருந்துக்கு வந்து கீழே சாப்பிட்டுக்கிட்டிருந்த டாக்டர் ஓடி வந்தார். 'நீ பையை அமுக்கு, நான் மெஷினைப் பார்க்கறேன்'னார். கொஞ்ச நேரத்துல மறுபடி மாட்டினார். சரியாயிடுச்சு. அப்புறம் இதை எடுத்துக் காட்டினார்."

மேஜை மேல் ஓர் எஃகுத் தட்டு. அதில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் குழாய். உள்ளே சளி காய்ந்து பிசின் போல் இறுகியிருந்தது.

"அதான் ஆதாரம்!" மாப்பிள்ளை வாசலை விட்டு நகராமலேயே விரலை நீட்டினார். "கழுத்துக்குள்ள இருந்து டாக்டர் எடுத்தது. மெஷின்ல தண்ணி சூடு பண்ற டப்பா ஒண்ணு இருக்கு. அதை இவ காலையிலிருந்தே ஆன் பண்ணலை. வறண்ட காத்து போயிப் போயிச் சளி கல்லாயிடுச்சு. அடைச்சுக்கிச்சு. டாக்டர் சொன்னார். சாதாரண டாக்டர் இல்லீங்க, டி.வி.யில வாரா வாரம் பேசறவர்!"

"எதைப் பத்தி?"

"இதயத்தைப் பத்தி."

"அப்போ நுரையீரலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்" என்றான் ஒட்டடை.

"ஆன் பண்ணித்தான் மேடம் இருந்துச்சு" என்றாள் சிஸ்டர். "மூணு வருஷம் படிச்சு வாங்கின நர்ஸ் பதிவு. கேஸ் ஆச்சுன்னா அது போயிடும். அது போனாக்கூடப் பரவாயில்லை. என்னைக் கூட்டிட்டுப் போயிட்டா இன்னிக்கு ராத்திரி இவரை யார் பார்த்துப்பாங்க? இப்போ பார்த்தீங்கல்ல, குழாய்ல தண்ணி வடிக்கக்கூட இங்கே ஆள் இல்லை."

பாய்லர் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் துளியும் இல்லை.

"டாக்டர் எங்கே?"

"கீழே. சாப்பிட்ட களைப்பு. கொஞ்சம் படுத்திருக்கார்."

"நோயாளி மேலே, டாக்டர் கீழே, நர்ஸ் பூட்டுக்குள்ளே. பிரமாதமான ஆஸ்பத்திரி."

*

"ஒட்டடை, இந்தத் தண்ணி டப்பா எதுக்குன்னு தெரியுமா?"

"டீ போடவா மேடம்?"

"உன் மூக்கு என்ன வேலை செய்யுது?"

"அடுத்தவங்க விஷயத்துல நுழையும்."

"அது போக மிச்ச நேரத்துல வெளிக்காத்தைச் சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்புது. இவருக்குக் கழுத்து வழியா மூச்சு. மூக்குக்கு வேலையே இல்லை. அதனால அந்த வேலையை மெஷின் செய்யணும். டப்பாவுல தண்ணி சூடாகுது, அதுக்கு மேல காத்து போகுது, ஈரத்தை அள்ளிக்கிட்டுக் குழாய்ல வருது. சூடான காத்து நிறைய ஈரம் தாங்கும். வழியில குளிர்ந்தா தாங்க முடியாம கீழே போட்டுடும். இந்த அறை என்ன குளிர் குளிருது பார். அதான் குழாய்க்குள்ளேயே மழை." அவள் ஏ.சி.யை அண்ணாந்து பார்த்தாள். "பதினெட்டு. யாருக்காக? பெரியவருக்காகவா?"

"வெல்வெட் வெயர்க்கக்கூடாதுன்னு எங்க வீட்டம்மா சொன்னாங்க" என்றார் மாப்பிள்ளை. "உறை அவங்களே தைச்சது. பார்க்க வர்றவங்க மெஷினைப் பார்த்து முகம் சுளிக்கிறாங்கன்னு."

சிலேட்டில் சாக்பீஸ் கீச்சிட்டது. பெரியவர் திருப்பிக் காட்டினார். 'மகள். என்ன செய்ய.'

பாய்லர் கம்பியில் தொங்கிய தண்ணீர்ப் பையிடம் போனாள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வெல்வெட்டுக்குள் இறங்கியது. தண்ணீர் குறையக் குறைய டப்பாவை நிரப்புகிற பை.

"இதை எப்போ மாட்டினே?"

"காலையில ஆறு மணிக்கு. அரை லிட்டர் புதுப் பை."

"மாட்டும்போது யார் பார்த்தாங்க?"

"நான்தான் பார்த்தேன்" என்றார் மாப்பிள்ளை, அவசரமாக. "ஆறு மணிக்கு நான் வாசல்ல நின்னு எல்லாத்தையும் கண்காணிப்பேன். சீல் உடைச்சதைப் பார்த்தேன். உள்ளே மட்டும் வரமாட்டேன். கிருமி."

"உங்க கண்காணிப்புக்கு இன்னிக்குத்தான் முதல் தடவையா ஒரு பிரயோஜனம் வந்திருக்கு." பாய்லர் பையின் பக்கவாட்டு அளவைக் கோட்டைப் பார்த்தாள். "இப்போ முந்நூத்தி இருபது மில்லி இருக்கு. நூத்தி எண்பது காலி. ஆறிலிருந்து மூணு வரைக்கும் ஒன்பது மணி நேரம். அப்போ மணிக்கு எவ்வளவு ஒட்டடை?"

ஒட்டடை விரலை மடக்கினான். "இருபது மேடம். நாலு டீஸ்பூன்."

"டாக்டர் சொல்ற மாதிரி டப்பா அணைஞ்சு கிடந்து, பன்னெண்டே முக்காலுக்கு அவர் வந்துதான் போட்டிருந்தா?"

"ரெண்டே கால் மணி நேரம்தான் ஓடியிருக்கும். நாப்பத்தஞ்சு மில்லி. பையில நானூத்தி அம்பத்தஞ்சு மிச்சம் இருக்கணும்."

"தண்ணிக்கு டி.வி.யில பேசத் தெரியாது. ஆனா எவ்வளவு போச்சுன்னு சரியாச் சொல்லும். டப்பா காலையிலிருந்தே சூடாத்தான் இருந்திருக்கு. வறண்ட காத்துங்கறது கதை."

சிஸ்டர் முதன்முறையாக மூச்சு விட்டாள். மாப்பிள்ளை மட்டும் விடவில்லை.

"சரி, டப்பா ஓடியிருக்கு. ஆனா அடைப்பு அடைப்புதானே? சளி குழாய்ல அடைச்சிருக்கு. இவ பார்க்கலை. அலட்சியம்! அதுக்கும் கேஸ் போடலாம்!"

"உங்களுக்கு என்ன சார் இவ்வளவு அவசரம்?" ஒட்டடை கண்ணைச் சுருக்கினான். பாய்லரின் காதில் கிசுகிசுத்தான். "மேடம், மாப்பிள்ளை. மில்லு. மாமனார். நானா இருந்தா இப்பவே ஜெயிலுக்கு அளவெடுத்துடுவேன்."

"பொறு" என்றாள் பாய்லர். "சிஸ்டர், நீ ஆம்பு பையை எங்கே மாட்டினே?"

"நேரா கழுத்துக் குழாய்லதான் மேடம்."

"அமுக்கினதும்?"

"நெஞ்சு நல்லா ஏறிச்சு. பை பஞ்சு மாதிரி லேசா அமுங்கிச்சு. ரெண்டு நிமிஷத்துல உதடு நீலம் மாறிடுச்சு."

"அப்போ கழுத்துக் குழாய்க்குள்ள செருகியிருக்கிற உள்குழாயை டாக்டர் எடுத்துட்டாரா?"

"இல்லை மேடம். அது அப்புறம். மெஷினை மறுபடி மாட்டினதுக்கு அப்புறம்தான் எடுத்தேன்னு..." சிஸ்டர் பாதியில் நிறுத்தினாள். கண்கள் அகலமாயின.

"சொல்லு. நிறுத்தாதே."

"கழுத்துக் குழாய்ல அடைப்பு இருந்திருந்தா பையும் அமுங்கியிருக்காது. கல்லு மாதிரி நின்னிருக்கும். காத்துக்கு அந்த ஒரே வழிதானே."

"அதேதான். ஒரே கதவு. மெஷின் தட்டினா திறக்கலை, பை தட்டினா திறந்துச்சுன்னா, கதவுல பூட்டு இல்லை. மெஷினுக்கும் கதவுக்கும் நடுவுல ஏதோ நின்னிருக்கு. தட்டுல இருக்கிற அந்தக் காய்ஞ்ச குழாய்?"

"அது காலையில எட்டரைக்கு நான் மாத்திட்டு எடுத்து வெச்ச பழசு மேடம். இப்போதான் பார்க்கறேன், அதே தட்டு. கழுவப் போறதுக்குள்ள ஒன்பது மணிக்குக் கீழே கூப்பிட்டுட்டாங்க."

"எதுக்கு?"

சிஸ்டர் தயங்கினாள். "ஜன்னல் திரைக்கு இஸ்திரி போட. வெல்வெட்டுக்குப் பொருத்தமா புதுத் திரை வந்திருந்துச்சு."

பாய்லர் அந்தத் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இந்தக் குளிர்ல நாலு மணி நேரம் திறந்து கிடந்தா சளி என்ன, சாம்பாரே கல்லாயிடும்" என்றாள். "ஒட்டடை, அந்த மணப்பொண்ணோட புடவையைத் தூக்கு."

*

வெல்வெட் உறை கனமாக இருந்தது. ஒட்டடை தன் நீண்ட கைகளால் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு துணிக்கடைப் பொம்மை போல் நின்றான். தண்ணீர் டப்பாவிலிருந்து குழாய் புறப்படும் மூட்டைப் பாய்லர் தடவிப் பார்த்தாள். பிறகு உறையின் உட்பக்கத்தை.

"இங்கே பார். சரியா இந்த மூட்டுக்கு நேரா, துணியில ஓர் எலுமிச்சம்பழ அளவுக்கு ஈரம். சுத்தி எல்லாம் காய்ஞ்சிருக்கு."

"மெஷின் ஒழுகுதா?"

"ஒழுகினா தரையிலயும் இருக்கும். இது ஏதோ ஊறின பொருளை இழுத்து எடுக்கும்போது பிழிஞ்ச ஈரம்." அவள் சிஸ்டரிடம் திரும்பினாள். "அலாரத்துக்கு முன்னாடி ஏதாவது வித்தியாசம்?"

"மெஷின் காத்தைத் தள்ற அழுத்தம் ஏறிக்கிட்டே இருந்துச்சு மேடம். ஒன்பது மணிக்கு இருபது. பதினொண்ணுக்கு இருபத்தாறு. பன்னெண்டுக்கு முப்பத்திரெண்டு. ரெண்டு தடவை டாக்டருக்குப் போன் பண்ணேன். 'சளியா இருக்கும், உறிஞ்சி எடு, சாப்பாட்டு நேரத்துல தொந்தரவு பண்ணாதே'ன்னார். எடுத்தேன். சளியே வரலை. உறையைக் கழட்டிப் பார்க்கலாம்னா, கழட்டினா இவங்க வீட்டம்மா சத்தம் போடுவாங்க."

"ஒன்பதிலிருந்து பன்னெண்டே முக்கால். கொஞ்சம் கொஞ்சமா ஊறி, கொஞ்சம் கொஞ்சமா அடைச்சிருக்கு." பாய்லர் அறையைச் சுற்றிப் பார்த்தாள். "ஆம்புலன்ஸ்ல போகும்போது இந்தச் சூட்டு டப்பாவையெல்லாம் தூக்கிட்டா போவீங்க?"

"இல்லை மேடம். அப்போ ஒரு சின்ன ஃபில்டர் போடுவோம். உள்ளே அட்டை மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கும். வெளியே விடற மூச்சோட ஈரத்தைப் பிடிச்சு வெச்சு, உள்ளே இழுக்கும்போது திருப்பிக் கொடுக்கும். செயற்கை மூக்குன்னு சொல்லுவோம். அதோ, அவசரப் பெட்டியில..."

அவளே ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறைகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். முகம் வெளிறியது.

"அஞ்சு இருந்துச்சு. நாலுதான் இருக்கு."

பாய்லர் ஒன்றை வாங்கிப் புரட்டினாள். பின்பக்கம் ஒரு படம். ஃபில்டர், பக்கத்தில் ஆவி பறக்கும் தண்ணீர் டப்பா, இரண்டின் மேலும் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி.

"ரெண்டையும் சேர்த்துப் போடாதேன்னு படம் போட்டிருக்கான். எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியணும்னு."

"சேர்த்துப் போட்டா நனைஞ்சு போயிடும் மேடம். நனைஞ்ச அட்டை வழியா காத்து போகாது. முதல் வருஷப் பாடம். எங்க காலேஜ்ல யாரைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"அப்போ நர்ஸ் செஞ்சிருக்க மாட்டா" என்றான் ஒட்டடை உறைக்கு அடியிலிருந்து. "அப்போ ஒன்பது மணிக்கு இந்த அறையில தனியா இருந்தது யாரு?"

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

"ஐயையோ, நான் இல்லைங்க!"

"அந்தக் குழாயைத் தொடுங்க" என்றாள் பாய்லர்.

"என்னது?"

"இந்த மூட்டைக் கழட்டி மாட்டுங்க பார்ப்போம்."

மாப்பிள்ளை ஓரடி உள்ளே வைத்தார். கையை நீட்டினார். குழாயில் ஓடிய ஈரத்தைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்துவிட்டார். பெரியவர் சிலேட்டில் எழுதினார்: 'ரெண்டு மாசமா என் கையைக்கூடத் தொட்டதில்லை.'

"இந்த ஆளால மாமனாருக்கு ஒரு கெடுதல்கூடச் செய்ய முடியாது. அதுக்கும் தொட்டாகணுமே" என்றாள் பாய்லர். "ஒன்பது மணிக்கு யார் வந்தாங்க?" பெரியவர் 'தூங்கிட்டேன்' என்று எழுதிக் காட்டினார்.

"டாக்டர்" என்றார் மாப்பிள்ளை, சுவரைப் பார்த்தபடி. "நான் வெளியே போன்ல இருந்தேன். குழாய்ல தண்ணி சொட்டறது அசிங்கமா இருக்குன்னு எங்க வீட்டம்மா அவர்கிட்ட சொல்லியிருந்தாங்க. 'நான் பார்த்துக்கறேன்'னு உள்ளே போனார்."

ஒட்டடை உறையைக் கீழே போட்டான். "மாட்டினதும் அவரே, கழட்டினதும் அவரே! போய்ப் பிடிச்சுட்டு வரட்டுமா?"

"எதை வெச்சு? ஊறின ஃபில்டர் இந்நேரம் அவர் பையிலயோ, சாக்கடையிலயோ இருக்கும். அஞ்சு இருந்துச்சுங்கறதும் சிஸ்டர் சொல்றதுதான். டி.வி. முகத்துக்கு எதிரா ஒரு ஈர வெல்வெட்டைக் காட்டினா இன்ஸ்பெக்டர் சிரிப்பார்."

கீழே ஜீப் வந்து நின்றது. மணி நாலடிக்க ஐந்து நிமிடம். சிஸ்டர் பெரியவரின் போர்வையைச் சரிசெய்தாள். கழுத்துக் குழாயின் பட்டையைத் தளர்த்தி மறுபடி கட்டினாள். இனி வரப்போகும் யாருக்கும் அது தெரியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

*

டாக்டர் முன்னால் வந்தார். இன்ஸ்பெக்டர் அவருக்குப் பின்னால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கோவிலுக்கு வந்தவர் போல் வந்தார். டாக்டரின் தலைமுடி தூக்கத்திலும் கலையாத வகை.

"இதாங்க அந்தப் பொண்ணு" என்றார் டாக்டர். "பாவம், படிப்பு போதலை. கூட்டிட்டுப் போங்க."

"ஒரு நிமிஷம்" என்றாள் பாய்லர். தண்ணீர்ப் பையின் கணக்கைச் சொன்னாள். ஆம்பு பை அமுங்கியதைச் சொன்னாள். வெல்வெட்டின் ஈரத்தைக் காட்டினாள். "மெஷினுக்கும் கழுத்துக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு இருந்திருக்கு, இன்ஸ்பெக்டர். அது என்னன்னு எனக்கும் தெரியலை."

ஒட்டடை திடுக்கிட்டுத் திரும்பினான். ஐந்து நிமிடம் முன்பு படம் போட்டு விளக்கியவள்! பாய்லரின் செருப்பு அவன் கால் கட்டைவிரலின் மேல் அழுந்தி உட்கார்ந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான். சிஸ்டர் குனிந்து சிலேட்டைப் பார்த்துக்கொண்டாள்.

"டாக்டர்தான் அதை வெச்சார். பெரியவரைக் கொல்லப் பார்த்தார்னு நான் சொல்றேன்" என்றாள் பாய்லர்.

டாக்டர் கோபப்படவில்லை. கேமராவுக்குச் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தார்.

"கொலையா? எனக்கென்னம்மா லாபம்? வெச்ச பொருளைக் காட்டுங்க. காட்ட முடியலைன்னா இவங்களையும் ஜீப்ல ஏத்துங்க, இன்ஸ்பெக்டர். இடம் இருக்கும்ல?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார். சிஸ்டரின் பக்கம் ஓரடி வைத்தார்.

பாய்லர் பெருமூச்சு விட்டாள். தோற்றவள் போல் ஒட்டடையிடம் திரும்பினாள்.

"நான்தான் தப்பு, ஒட்டடை. இது கொலை இல்லை. கொலை செய்ய மூளை வேணும்."

ஒட்டடைக்குப் புரிந்துவிட்டது. முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டான். "அப்போ டாக்டர் இல்லைங்கறீங்களா மேடம்?"

"சேச்சே. இவர் எவ்வளவு பெரிய மனுஷன்! இது மெஷினை வாழ்க்கையில பார்த்தே இருக்காத ஒருத்தன் செஞ்ச வேலை. எதை எங்கே மாட்டணும்னே தெரியாத ஆள்."

"வீடு கூட்டுற ஆளா இருக்குமோ?"

"அவங்களுக்குத் துடைப்பம் ஈரமானா கூட்டாதுன்னு தெரியுமே. இது அதுக்கும் கீழே."

டாக்டரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "யாரா இருந்தாலும்... அப்படி ஒரேயடியாச் சொல்ல முடியாது."

"நீங்க பெருந்தன்மையில சொல்றீங்க டாக்டர்" என்றான் ஒட்டடை. "முதல் வருஷம் ஃபெயிலானவன்கூடப் பண்ணமாட்டான்னு இந்தச் சிஸ்டரே சொல்றாங்க."

"நர்ஸ் சொல்றாளா?"

"சிரிச்சாங்க சார். அழுதுக்கிட்டிருந்த பொண்ணு, அதை நினைச்சுச் சிரிச்சுது."

டாக்டரின் கழுத்தில் ஒரு நரம்பு எழும்பியது. பாய்லர் இன்ஸ்பெக்டரிடம் அலுப்போடு சொன்னாள்: "எழுதிக்கோங்க. சந்தேகப்படும் நபர்: பெயர் தெரியாத அடிமுட்டாள். டாக்டருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை ஒரு டாக்டர் செய்ய வாய்ப்பே..."

"எதும்மா முட்டாள்தனம்?" டாக்டர் வெடித்தார். சிஸ்டரை நோக்கிக் கையை நீட்டினார். "குழாய்ல நின்ன அழுக்குத் தண்ணி அவர் நெஞ்சுக்குள்ள போகக்கூடாதுன்னு, இந்தப் பொண்ணுக்குத் தோணாத ஒரு ஃபில்டரை யோசிச்சு வெச்சேனே, அதுவா முட்டாள்தனம்?"